கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு குடித்தனம்

திருப்போரூரில் எங்கள் ஆயாவின் சமையலறையில் எறும்புகளுக்கென்று தனி நீதி இருந்தது. கறுப்பாக, பொடியாக, திக்குத் தெரியாமல் ஓடுவது பிள்ளையார் எறும்பு. கடிக்காது, அதனால் கொல்லக் கூடாது. செவ்வெறும்பு கடிக்கும், மஞ்சள் தூளைப் போட்டு விரட்டலாம். கட்டெறும்பு வாசல் வேப்பமரத்தடியில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவரை அதற்கும் நமக்கும் வழக்கில்லை. முசுறு மாமரத்தோடு சரி. அது மாங்காய் பறிக்கப் போகிறவன் பாடு. சர்க்கரை டப்பா ஒரு தட்டுத் தண்ணீரின் நடுவே உட்கார்ந்திருக்கும். சாப்பாட்டு அலமாரியின் நான்கு கால்களும் நான்கு கிண்ணங்களில் நிற்கும். கிண்ணம் நிறையத் தண்ணீர். விடியற்காலையில் அரிசி மாவில் கோலம் போட்டு எறும்புக்குப் படியளந்த கை, பத்து மணிக்கு அடுப்பங்கரையில் அதே எறும்பை ஈரத்துணியால் வழித்தெடுக்கும். கேட்டால் ஆயாவிடம் பதில் தயாராக இருக்கும். "வாசல்ல போட்டாச்சு இல்ல? அப்புறம் உள்ள இன்னா வேல அதுக்கு?"

எண்பதுகளின் தொடக்கத்துத் திருப்போரூரைச் சொல்கிறேன். அப்போது செங்கல்பட்டு மாவட்டம் என்றுதான் முகவரி எழுதுவோம். பிறகு செங்கை எம்.ஜி.ஆர்., காஞ்சிபுரம் என்று பெயர் மாறி, 2019-ல் மறுபடி செங்கல்பட்டுக்கே வந்து சேர்ந்தோம். சென்னையிலிருந்து வரும் சாலை கேளம்பாக்கம் தாண்டி ஊருக்குள் நுழையும்போது, எதிரே ஒரு பேருந்து வந்தால் இரண்டில் ஒன்று மண்ணில் இறங்கி வழிவிட வேண்டும். கிழக்கே நெம்மேலிப் பக்கம் போனால் பக்கிங்காம் கால்வாய், அதற்கு அந்தாண்ட கடல். மேற்கே செங்கல்பட்டுச் சாலையில் காப்புக்காடு. நடுவில் பிரணவ மலையும் கந்தசாமி கோயிலும் சரவணப் பொய்கையும். முருகன் அசுரர்களோடு கடலில் போரிட்டது திருச்செந்தூரில், நிலத்தில் திருப்பரங்குன்றத்தில், வானத்தில் எங்கள் ஊரில் என்பார்கள். பனங்காட்டில் மறைந்து கிடந்த மூர்த்தியைப் பதினேழாம் நூற்றாண்டில் சிதம்பர சுவாமிகள் கண்டெடுத்துக் கோயில் எழுப்பினார் என்பது தல வரலாறு. என் சிறுவயதில் அந்தப் பனங்காட்டின் மிச்சம் ஊரைச் சுற்றி நிறையவே இருந்தது. பனையிலிருந்து இறக்கும் கலயத்தில் பதநீரோடு எறும்பும் மிதக்கும். துணியில் வடித்துக் குடிப்போம். வடியாமல் ஒன்றிரண்டு உள்ளே போனால், எறும்பு தின்றால் கண் நன்றாகத் தெரியும் என்று சமாதானம் சொல்லுவார்கள். என் கண்ணாடியின் பவரைப் பார்த்தால் அதில் உண்மை இருப்பதாகத் தெரியவில்லை.

என் தாய்மாமன் சன்னதித் தெருவில் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். கோயிலுக்கு வருகிறவர்கள் வள்ளி தெய்வானையோடு நிற்கும் முருகன் படத்தை வாங்கி அங்கேயே பிரேம் போட்டுக்கொண்டு போவார்கள். முகூர்த்த நாளில் கூட்டம் நெரியும். கோயிலில் கல்யாணம் முடித்த கையோடு படம் வாங்குவது அப்போது ஒரு வழக்கம். கடைக்குள் எப்போதும் மரத்தூளும் வார்னிஷும் மக்கும் கலந்த ஒரு வாசனை. மாமா கண்ணாடியை மேசையில் படுக்க வைத்து, மரஸ்கேலை அழுத்திப் பிடித்து, வைரத்தால் ஒரே இழுப்பு இழுப்பார். 'கிர்ர்' என்று ஒரு சத்தம். பிறகு விளிம்பில் ஒரு தட்டு. கோடு போட்ட இடத்தில் கண்ணாடி இரண்டாகும். பள்ளி விட்டதும் நான் அங்கேதான் இருப்பேன். ஆணி எடுத்துக் கொடுப்பது, அட்டை வெட்டும்போது முனையைப் பிடித்துக்கொள்வது, டீ வாங்கி வருவது என் பொறுப்பு.

எறும்பு கடைக்கு வந்ததும் ஒரு படத்தோடுதான். யாரோ ஒருவர் பூஜையறையிலிருந்த பழைய லட்சுமி படத்தைச் சட்டம் மாற்ற எடுத்துவந்தார். மாமா பின்பக்க ஆணிகளைப் பிடுங்கி அட்டையைத் தூக்கினார். படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் பொடி எறும்புகள் நூற்றுக்கணக்கில், வெள்ளை வெள்ளையாய்க் குஞ்சுகளோடு. வெளிச்சம் பட்டதும் ஆளுக்கொன்றாகக் கவ்விக்கொண்டு ஓடத் தொடங்கின. கொண்டுவந்தவர் பதறிப்போய்த் தட்டப் பார்த்தார். மாமா கையைப் பிடித்துத் தடுத்து, அட்டையைத் திண்ணைக்கு எடுத்துப் போய்ச் சுவரோரம் சாய்த்து வைத்தார். அரை மணி நேரத்தில் குடும்பமே சுவர் விரிசலுக்குள் போய்விட்டது. "முன்னால நீங்க கற்பூரம் காட்டிக்கிட்டிருந்திருக்கீங்க, பின்னால இதுங்க புள்ள வளத்துக்கிட்டிருந்திருக்கு," என்று சிரித்தார். அன்று முழுக்க அவருக்கு வேறு பேச்சில்லை. முன்பக்கமும் பின்பக்கமும் கண்ணாடியாகவே வைத்து, நடுவில் மண்ணைப் போட்டு எறும்பைக் குடிவைத்தால் எல்லாவற்றையும் பார்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியது அப்போதுதான்.

ஆனால் எந்த எறும்பை? பொடி எறும்பு வேண்டாம்; கண்ணுக்கு எட்டாது, எந்த இடுக்கிலும் புகுந்து வெளியே போய்விடும். முசுறு வேண்டவே வேண்டாம். கட்டெறும்பு என்று முடிவாயிற்று. புற்றைத் தோண்டி நாலு எறும்பை அள்ளிப்போட்டால் போதாது, ராணி இல்லாத எறும்புக் கூட்டம் ஒவ்வொன்றாகச் செத்து அடங்கிவிடும் என்று மாமாவுக்குச் சொன்னவர் ஓர் இருளர் பெண். காப்புக்காட்டு ஓரத்தில் குடியிருந்தவர். கோயில் பக்கம் மூலிகை விற்க வருவார். மாமா அவரை அக்கா என்று கூப்பிடுவார்.

இருளர்களுக்குத் தெரியாத புற்று அந்த வட்டாரத்தில் கிடையாது. மழை பெய்த சாயங்காலங்களில் புற்றின் வாயையொட்டிக் குழி வெட்டி, மேலே தழையை மூடி, உள்ளே விளக்கு வைத்து ஈசல் பிடிப்பார்கள். வறுத்த ஈசலோடு பொரியரிசி கலந்து படியால் அளந்து தெருவில் விற்றதை நானே வாங்கித் தின்றிருக்கிறேன். வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேகர் முதலைப் பண்ணையை 1976-ல் தொடங்கியிருந்தார். அங்கேயே 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் அமைந்து, தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள் நஞ்சு எடுப்பதற்காகப் பிடித்து மறுபடி காட்டிலேயே விடத் தொடங்கியிருந்தார்கள். அதே சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023-ல் பத்மஸ்ரீ வாங்கியபோது நாடு முழுக்க அவர்களைத் திரும்பிப் பார்த்தது. எங்கள் தெரு திரும்பிப் பார்த்திருக்குமா என்பது சந்தேகம். அவர்களிடம் ஈசலை வாங்கியவர்கள் அவர்களைத் திண்ணையில் உட்கார வைத்ததில்லை. ஆயாவின் அலமாரிக் கால் கிண்ணங்களில் மட்டுமா தண்ணீர் இருந்தது?

அக்கா சொன்ன பாடம் சுருக்கமானது. மழைக்குப் பிறகு விளக்கைத் தேடி வருவதெல்லாம் ஈசல் இல்லை. "இடுப்பப் பாரு. இடுப்பு இருந்தா எறும்பு, இல்லாட்டி ஈசல். ஈசலுக்கு நாலு றெக்கையும் ஒரே அளவு. எறும்புக்கு முன் றெக்க பெருசு." இதைவிடத் தெளிவாக எந்தப் பூச்சியியல் புத்தகமும் சொல்லி நான் படித்ததில்லை. கறையான் எறும்புக்கு உறவே இல்லை, கரப்பானுக்குத்தான் பங்காளி என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. இறக்கை முளைத்த ராணிகளும் ஆண்களும் ஒரே மாலையில் பல கூடுகளிலிருந்து கிளம்பி வானத்தில் சேர்கின்றன. ஆண்கள் சீக்கிரமே சாகும். ராணி தரையிறங்கி, இனித் தேவையில்லாத இறக்கைகளைத் தானே முறித்துப் போட்டுவிட்டு மண்ணுக்குள் புகும். சூரசம்ஹாரத்தை வானத்தில் நடத்திய ஊரில் கல்யாணமும் வானத்தில் நடப்பதில் ஆச்சரியமில்லை என்றார் மாமா.

ஒரு கோடை மழைக்கு மறுநாள் சாயங்காலம், தெருவிளக்குக் கம்பத்தடியில் இறக்கையற்ற ஒரு பெரிய கட்டெறும்பு சுவரோரமாக இடம் தேடிக்கொண்டிருந்தது. வயிறு பெருத்து, முதுகு திமிலாக எழும்பி இருந்தது. மாமா அதை ஒரு ஹோமியோபதி மாத்திரைக் குப்பியில் ஏற்றினார். அடியில் ஈரப் பஞ்சு, வாயில் உலர்ந்த பஞ்சு. உலகமெங்கும் எறும்பு வளர்ப்பவர்கள் இன்று சோதனைக் குழாயில் செய்வது இதையேதான். குப்பியைச் சுண்ணாம்பு டப்பாவுக்குள் போட்டு இருட்டில் வைத்தார். சாப்பாடு? ஒன்றும் கிடையாது. பறப்பதற்கென்று முதுகில் திரண்டிருந்த தசைகளை உடம்பு உள்ளுக்குள்ளேயே கரைத்து, அந்தச் சத்தில் முட்டையிட்டு, அந்தச் சத்தையே வாய்வழியே குஞ்சுகளுக்கு ஊட்டி, முதல் பிள்ளைகள் வெளியே போய் இரை தேடும்வரை ராணி பட்டினி கிடக்கும். இது எனக்கு அப்போது தெரியாது. தெரியாததால் தினமும் மாமாவோடு சண்டை போட்டேன். ஒரு சொட்டு வெல்லத் தண்ணீராவது விடலாம் என்பது என் கட்சி. "தொந்தரவு பண்ணாதடா, புள்ளத்தாச்சி," என்பது அவர் கட்சி.

வெண்மையாகச் சில முட்டைகள் வந்தன. பிறகு நெளியும் புழுக்கள். பிறகு அவை தங்களைச் சுற்றி நூல் சுற்றிக்கொண்டு பழுப்பான கூடுகளாயின. நாம் எறும்பு முட்டை என்று சொல்லிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்தக் கூட்டுப்புழுக்களைத்தான். நிஜ முட்டை ஊசி முனையளவே இருக்கும். ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் முதல் பிள்ளை வெளியே வந்தது. கட்டெறும்பு என்று சொல்ல முடியாத அளவுக்குச் சின்னது. முதல் ஈட்டு எறும்புகள் எல்லா இடத்திலும் அப்படித்தான்; பட்டினி கிடக்கும் தாய்க்கு அவ்வளவுதான் முடியும்.

அதன் பிறகுதான் வீடு. முருகன் படத்துக்கு வெட்டிய அளவிலேயே இரண்டு கண்ணாடி. நடுவில் கால் அங்குலத் தேக்கு பீடிங், மூன்று பக்கம் மக்கு வைத்து அடைப்பு. மேலே ஒரு துவாரம், அதிலிருந்து ஒரு பழைய பேனாக் குழாய் வழியாக ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பாதை; தீனி வைப்பது அங்கே. மண்ணுக்கு மாமா ஊர் சுற்றினார். கடற்கரை மணல் நிற்காமல் சரியும், உப்பும் இருக்கும். ஏரிக் களிமண் காய்ந்தால் பாறை. மலையடிச் செம்மண்ணில் பாதியும் சலித்த மணலில் பாதியும் கலந்து, பிடித்தால் நிற்கிற பதத்தில் ஈரமாக்கி நிரப்பினார். முழுச் சட்டத்தையும் ஒரு தாம்பாளத்தின் நடுவே நிறுத்தித் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றினார். அதைப் பார்த்த ஆயாவுக்குத் தாங்கவில்லை. "நான் உள்ள வராம இருக்கத் தண்ணி ஊத்துறேன், இவன் வெளிய போவாம இருக்க ஊத்துறான்!"

வெளிச்சம் பட்டால் எறும்புகள் கண்ணாடிப் பக்கம் வராமல் மண்ணின் நடுவுக்குள் ஒளிந்தன. கறுப்புத் துணி போட்டு மூடினால் வருகின்றன. துணியைத் தூக்கினால் ஓடுகின்றன. வழி சொன்னவர் பக்கத்து போட்டோ ஸ்டுடியோக்காரர். இருட்டறையில் அவர் சிவப்பு பல்பு போட்டுத்தான் படம் கழுவுவார். திருவிழா விளக்குக்குச் சுற்றுகிற சிவப்பு ஜெலட்டின் பேப்பரை இரண்டாக மடித்துக் கண்ணாடியில் ஒட்டிப் பார் என்றார். எறும்புக்குச் சிவப்பு வெளிச்சம் இருட்டாகவே பட்டது. நமக்கு உள்ளே நடப்பது முழுக்கத் தெரிந்தது.

பல ஆண்டுகள் கழித்துக் கன்னிமாரா நூலகத்தில் ஜான் லப்பக்கின் புத்தகத்தைப் புரட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லண்டன் வங்கியாளர், நாடாளுமன்ற உறுப்பினர், டார்வினின் பக்கத்து ஊர்க்காரர். 1871-ல் இங்கிலாந்தில் வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தவர். 'எறும்புகள், தேனீக்கள், குளவிகள்' என்ற அவருடைய புத்தகம் 1882-ல் வந்தது. அவருடைய எறும்புக் கூடும் இரண்டு கண்ணாடித் தகடுகள், ஓரத்தில் மரச் சட்டம், நடுவில் மண், சுற்றி நீர் அகழி. நிறக் கண்ணாடிகளை வைத்து, ஊதாவுக்கு அப்பால் நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை எறும்பு உணர்கிறது என்று கண்டுபிடித்ததும் அவரே. எறும்புக்குச் சாராயம் கொடுத்துப் பார்த்ததும் அவரே. போதையில் கிடந்த சொந்தக் கூட்டுக்காரர்களை மற்ற எறும்புகள் பெரும்பாலும் வீட்டுக்குத் தூக்கிப்போயின. வேற்றுக் கூட்டுக்காரர்களை அகழியில் தள்ளின. அவர் வளர்த்த ஒரு ராணி ஏறத்தாழ 15 வருஷம் வாழ்ந்து 1888-ல் செத்தது. ஜெர்மனியில் வேறொரு இனத்து ராணி 28 வருஷத்துக்கும் மேல் வாழ்ந்ததாகப் பின்னால் பதிவானது. சன்னதித் தெருக் கண்ணாடிக்காரர் இதையெல்லாம் படித்திருக்க முடியாது. கையில் இருந்த கண்ணாடியும் பீடிங்கும் வேறு வழி விடாமல் அவரையும் அதே இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன.

கண்ணாடிக்குள் என்ன நடந்தது என்று கேட்டால், பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. எறும்பைச் சுறுசுறுப்புக்கு உதாரணம் சொன்ன வாத்தியார்கள் யாரும் ஒரு கூட்டை அரை மணி நேரம் பார்த்திருக்க மாட்டார்கள். பாதிப் பேர் சும்மா நிற்பார்கள். ஒன்று வரும், இன்னொன்றின் முகத்தை உணர்கொம்பால் தட்டும், இரண்டும் வாயோடு வாய் வைத்து நிற்கும், பிரியும். அந்த வாயில்தான் குடும்பமே ஓடுகிறது. எறும்புக்கு வயிற்றில் இரண்டு பை. ஒன்று தனக்கு, ஒன்று ஊருக்கு. வெளியே போய்க் குடித்துவந்த வெல்லத் தண்ணீர் ஊர்ப்பையில் தங்கி, கேட்கிறவர்களுக்கெல்லாம் சொட்டுச் சொட்டாகப் போகும். மாமா ஒரு முறை கேசரிப் பவுடர் கலந்த சர்க்கரைத் தண்ணீரை வைத்தார். குடித்து உப்பியவற்றின் வயிற்றுக் கட்டுகள் விலகி நடுவில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. வெளியே போகாதவற்றிடமும் கொஞ்சங் கொஞ்சமாக அந்த நிறம் பரவியது. 2011-ல் மைசூர் விஞ்ஞானி முகமது பாபு, பல வண்ணச் சர்க்கரைச் சொட்டுகளைக் குடித்து வயிறு நிறம் மாறிய எறும்புகளை எடுத்த படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தபோது, கேசரிப் பவுடர் காலத்திலேயே இதைப் பார்த்தாயிற்று என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்.

இன்னொன்று சுடுகாடு. செத்த எறும்பை ஓரிரு நாள் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பிறகு திடீரென்று ஒன்று கவ்விக்கொண்டு போய்த் தீனி டப்பாவின் ஒரு மூலையில் போடும். எப்போதும் அதே மூலை. கரப்பான் காலும் ஈயின் இறக்கையும் குவிகிற இடம். ஏன் இரண்டு நாள் கழித்து என்பதற்கு விடை எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சனிடம் இருந்தது. செத்த உடம்பு அழுகும்போது உண்டாகும் ஓலியிக் அமிலத்தின் வாசனைதான் சாவின் அடையாளம் என்று 1950-களின் இறுதியில் அவர் காட்டினார். அதை உயிருள்ள எறும்பின் மேல் தடவினால், திமிறத் திமிறத் தூக்கிப்போய்க் குப்பையில் போடுகிறார்கள். அது தன்னைச் சுத்தம் செய்துகொண்டு வாசனை போகிறவரை வீட்டுக்குள் சேர்ப்பதில்லை.

சட்டம் கடைச் சுவரில் தொங்கத் தொடங்கியதும் வேடிக்கை பார்க்க ஆள் சேர்ந்தது. "இது இன்னா சாமி?" என்று கேட்டவர்கள் உண்டு. பாவம், அடைத்து வைக்காதே என்று மாமாவைக் கண்டித்தவர்கள், அடுத்த பேச்சிலேயே தங்கள் வீட்டுக்கு எந்த எறும்பு மருந்து நல்லது என்று விசாரிப்பார்கள். மடத்துப் பெரியவர் ஒருவர் மட்டும் நிதானமாகப் பார்த்துவிட்டுத் திருச்சிப் பக்கத்துத் திருவெறும்பூரைச் சொன்னார். அங்கே தேவர்கள் எறும்பாகி வந்து சிவனைப் பூசித்தார்கள். எண்ணெய் வழுக்கிய லிங்கத்தில் அவர்களால் ஏற முடியவில்லை என்று சிவன் மண்புற்றாகிச் சற்றுச் சாய்ந்தும் கொடுத்தார். எறும்பீசர் என்று பெயர். "மண்ணு சரியா இருந்தாத்தான் ஏறும்," என்று மாமா அதையும் தொழிலாகவே எடுத்துக்கொண்டார்.

அந்தக் கண்ணாடி எனக்குச் செய்த பெரிய உதவி, அதற்கு வெளியே இருந்ததையும் காட்டியதுதான். தீனி தேடி ஏரிக்கரைக்குப் போவோம். கருவேல மரக் கிளையில் முள்ளென்று நினைத்தது நகரும். கொம்பு முளைத்த சாற்றுப் பூச்சிகள். அவற்றைச் சுற்றிக் கட்டெறும்புகள் காவல் நிற்கும். உணர்கொம்பால் தட்டினால் பூச்சி இனிப்பு நீர் விடும், எறும்பு குடித்துக்கொள்ளும். மாமரத்தில் முசுறுகள் இலையை இழுத்துப் பிடித்து வரிசையாய் நிற்க, வேறு சில தங்கள் புழுக்களை வாயில் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டி, அவற்றின் நூலால் இலைகளை ஒட்டும். சீனத்து ஆரஞ்சுத் தோட்டங்களில் பூச்சிகளை ஒழிக்க இந்த முசுறுக் கூடுகளைச் சந்தையில் விற்றதை 1,700 வருஷத்துக்கு முந்தைய நூல் ஒன்று சொல்கிறது. எங்களுக்கு அதன் பயன் வேறு. நீலச் சங்குப்பூவைக் கூட்டின் மேல் வைத்து ஒரு தட்டுத் தட்டினால், அவை பீய்ச்சும் அமிலம் பட்ட இடத்தில் சிவப்புப் புள்ளி விழும். ஒருநாள் முசுறு என்று நினைத்து மாமா குச்சியால் தொட்டது நூலில் தொங்கி இறங்கியது. எண்ணிப் பார்த்தால் எட்டுக் கால். முசுறு வேஷம் போட்ட சிலந்தி.

தென்னிந்திய எறும்புகளுக்கு முதலில் பட்டியல் போட்டவர் தாமஸ் ஜெர்டன், மதராஸ் ராணுவத்தில் மருத்துவர். அந்தப் பட்டியல் 1851-ல் மதராஸ் ஜர்னலில் வந்தது. மரத்தில் சாய்ந்தவன் முதுகில் நெருப்பு வைக்குமே, தலையும் வயிறும் கறுப்பாக நடுவில் செம்பழுப்பாக ஒன்று, அதற்கு அறிவியல் பெயர் கொடுத்தவர் அவரே. கட்டெறும்புக்கு அதற்கும் முன்னால், 1787-லேயே டென்மார்க்கின் பாப்ரீசியஸ் பெயர் வைத்துவிட்டார். அந்தக் காலத்தில் தரங்கம்பாடியிலிருந்து டேனிஷ்காரர்கள் ஐரோப்பாவுக்குப் பூச்சிகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நம்மிடம் கையேடு என்று ஒன்று வர, தீபகற்ப இந்தியாவின் எறும்புகளைப் பற்றி அஜய் நரேந்திராவும் சுனில் குமாரும் எழுதிய 2006-ஆம் வருஷப் புத்தகம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அக்காவின் பாடம் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

சென்னையிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் அந்தச் சாலையை இப்போது ஓ.எம்.ஆர். என்கிறார்கள். கேளம்பாக்கம் தாண்டியும் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. அங்கே குடியிருக்கும் என் அண்ணன் மகன் இணையத்தில் அக்ரிலிக் எறும்புக் கூடு வாங்கினான். ஈரத்துக்குத் தனி அறை, தீனிக்குத் தனி அறை, சிவப்பு மூடிகூட உண்டு. நல்ல வேலைப்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மோகத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 2025-ல் கென்யாவில், பஞ்சு அடைத்த 2,244 குழாய்களில் ஏறத்தாழ 5,000 எறும்புகளைக் கடத்தத் தயாராக வைத்திருந்த இரண்டு பெல்ஜிய இளைஞர்களுக்கு நீதிமன்றம் தலா 10 லட்சம் ஷில்லிங் அபராதம் விதித்தது. ஹோமியோபதிக் குப்பியின் அதே உபாயம், வியாபாரமானால் இப்படி. வெளியூர் எறும்பு தப்பித்தால் என்ன ஆகும் என்பதை நத்தம் பக்கத்துக் கரந்தமலைக் கிராமத்துக்காரர்களைக் கேட்கலாம். 2022-ல் மஞ்சள் பைத்திய எறும்பு அங்கே மொய்த்து ஆடுமாடுகளின் கண்களைப் பாதித்தது. அண்ணன் மகனிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்று: உன் வாசலில் மழைக்கு இறங்குகிற ராணியை மட்டும் வளர்.

அவன் வாசலில் மண் இருக்கிறதா என்பதை நான் கேட்கவில்லை. சிமென்ட் ஓடு பதித்த நடைபாதை, தொட்டிச் செடிகள், மாதம் ஒருமுறை மருந்தடிக்க வரும் ஆள். அப்படியும் அவன் எட்டாவது மாடிச் சமையலறையில் பிள்ளையார் எறும்பு வரிசை போவதை நான் பார்த்தேன். அண்ணி அதைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தியிருந்தார்.

மாமாவின் கூடு இரண்டு மழைக்காலம் தாங்கியது. அதற்குள் பெரிய தலைக் காவல் எறும்புகளும் பிறந்து, கூட்டம் சட்டத்துக்குள் அடங்காமல் போயிற்று. பகலில் அடங்கிக் கிடந்து, விளக்கணைத்த பிறகு மக்கைக் கடித்துக் கடித்து ஒரு மூலையில் வழி உண்டாக்கின. அதே நேரத்தில் கடையைச் செங்கல்பட்டு பஜாருக்கு மாற்ற வேண்டி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டத்தை ஏரிக்கரைக்குத் தூக்கிப்போய், சாற்றுப் பூச்சி இருக்கிற வேலமரமாகப் பார்த்து, வேர்க்கால் பக்கம் குழி வெட்டி, பீடிங்கைப் பிரித்து மண்ணோடு சரித்தோம். ராணியை நான்கைந்து பேர் தள்ளிக்கொண்டே இருட்டுக்குள் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் கூட்டுப்புழுக்களை ஏற்றினார்கள். மாமா அதற்கு மேல் நிற்கவில்லை. கண்ணாடி இரண்டையும் ஏரித் தண்ணீரில் கழுவி, துண்டால் துடைத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கண்ணாடி விலை ஏறியிருந்த காலம்.

அடுத்த முகூர்த்தத்தில் கேளம்பாக்கத்திலிருந்து வந்த ஒருவர் முருகன் படம் கேட்டார். மாமா அதில் ஒரு கண்ணாடியை எடுத்து, மக்குக் கறை இருந்த ஓரத்தை வைரத்தால் இழுத்துத் தட்டிவிட்டு, படத்தின் மேல் வைத்து ஆணி அடித்தார். வாங்க வந்தவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கண்ணாடி புதுசுதானே?" என்றார்.

"ஒரு குடும்பம் இருந்துச்சு, காலி பண்ணிட்டாங்க," என்றார் மாமா.

அவர் சிரித்துக்கொண்டே காசை எண்ணி வைத்தார்.